சினை நண்டும் முன்பணமும்

வலையை இழுக்கும்போதே தெரிந்துவிடும். ஆண் நண்டு நீலக் கால்களை விரித்துக்கொண்டு சண்டைக்கு வருவதுபோல் மேலே வரும். பெண் நண்டுக்கு அந்தப் பகட்டு கிடையாது, மங்கலான பழுப்பு. சினை நண்டாக இருந்தால் அடிவயிற்று மடல் பிதுங்கி, உள்ளே மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ பஞ்சை அடைத்து வைத்ததுபோல முட்டை திரண்டிருக்கும். நாளாக ஆக அந்த நிறம் பழுப்பாகி, கடைசியில் கருஞ்சாம்பலாகும். சாம்பல் வந்துவிட்டால் ஓரிரு நாளில் குஞ்சுகள் தண்ணீரில் கலந்துவிடும். ஒரு நண்டு சுமக்கிற முட்டை லட்சக்கணக்கில் இருக்கும். இதெல்லாம் எனக்குப் பதினைந்து வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் அத்தனை வருடமும் அவற்றைப் பெட்டியில் போட்டேன்.

எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு கரையூர். 31 வள்ளங்கள். அப்பா காலத்தில் மூன்று பாய்மரம் கட்டிய வத்தை ஓடியது. காற்று தூக்கும்போது சாயாமலிருக்கக் குறுக்கே ஒரு பலகையை நீட்டி, அதன் நுனியில் ஓர் ஆள் உட்கார்ந்துகொள்வார். சின்ன வயதில் அந்த ஆள் நான்தான். அப்புறம் பஹ்ரைனுக்குப் போய் ஆறு வருடம் அடுத்தவன் படகில் வலை இழுத்தேன். 2013ல் திரும்பி வந்து, கையிலிருந்த காசோடு ஒரு வியாபாரியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கி, டீசல் இன்ஜின் வைத்த ஃபைபர் வள்ளம் ஒன்றை இறக்கினேன். இந்த 60,000தான் இந்தக் கதையில் முக்கியமான ஆள். கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே இருக்கிற மன்னார் வளைகுடா ஆண்கடல். பெண்கடலில் அலை கிடையாது, ஆழமும் கிடையாது. நல்ல ஆழமான இடத்திலேயே ஏழெட்டுப் பாகம்தான் வரும். ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய 6 அடி. அடியில் சேறும் மணலும், அதன்மேல் வயல் மாதிரி தாழை, அதாவது கடல்புல். நண்டு, இறால், ஓரா, கடல்பசு எல்லாம் அந்தத் தாழையை நம்பித்தான் இருக்கின்றன. இவ்வளவு ஆழம் குறைந்த கடலில் இழுவலை இழுத்தால் என்னாகும் என்று யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லாஞ்சு, அதாவது இழுவலை இழுக்கிற விசைப்படகு, போன மறுநாள் எங்கள் வலையில் வேரோடு பிடுங்கிய தாழைதான் வரும்.

அடிதடிகளுக்குப் பிறகு இங்கே ஓர் ஏற்பாடு வந்தது. விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. நண்டு வலையை மாலையில் போட்டுவிட்டு விடியலில் எடுக்க வேண்டும், அதனால் லாஞ்சு நாளுக்கு முந்தின மாலையில் வலை போட்டால் வலையே மிஞ்சாது. கணக்குப் பார்த்தால் எனக்கு மாதத்தில் பதினைந்து, பதினாறு நாள்தான் தொழில். அந்தப் பதினாறு நாளில் மாதச் சம்பாத்தியத்தை எடுத்தாக வேண்டும் என்கிற அவசரம் இருக்கிறதே, அதுதான் சினை நண்டைப் பெட்டியில் போட வைக்கிறது.

2015ல் என்று நினைக்கிறேன், ஒரு நாள் இழுத்த நண்டில் பாதிக்குமேல் சினையாக வந்தது. ஏன் அன்றைக்குத் தோன்றியது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடலில் விட்டேன். பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கரைக்கு வந்ததும் கேட்டார்.

"ஏம்ப்பா, ஒரு சினை நண்டு 150 கிராம்னு வை. கிலோ 300 ரூபா. நீ இன்னைக்கு எத்தனை 45 ரூபாயைத் தண்ணியில போட்டுட்டு வந்திருக்க?"

முப்பத்து நான்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,530 ரூபாய். அன்றைய டீசல் அதைவிடக் குறைவு. அடுத்த நாள் சித்தப்பா வலையில் நிறைய சினை நண்டு. சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து காட்டினார், "உன் வீட்டு நண்டுதான் வந்திருக்கு." நான் விட்ட நண்டுதான் அது என்பதற்கு அத்தாட்சி இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நியாயமானது. ஒரு வள்ளம் மட்டும் விடுவது பக்கத்து வள்ளத்துக்குக் கொடுப்பதுதான். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

மறுவருடம் ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது, நான் கிளப்பவில்லை. நண்டு சிறுத்துவிட்டது என்று வயசானவர்கள்தான் ஆரம்பித்தார்கள். சினை நண்டு பிடித்தால் 500 ரூபாய் அபராதம் என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. நான்கு மாதம் ஓடியது. முதலில் ஒருவர் சினையைச் சுரண்டிவிட்டுக் கொண்டுவந்தார். முட்டையை வழித்துவிட்டால் அது சாதாரணப் பெண் நண்டு, யார் என்ன சொல்ல முடியும்? அப்புறம் இன்னொருவர் எங்கள் கரைக்கே வராமல் அடுத்த ஊர்க் கரையில் கொண்டுபோய் எடை போட்டார். அபராதம் கட்டச் சொன்னபோது அவர் கேட்ட கேள்விக்குக் கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை: "நான் சரக்குக் கொண்டு போகலைன்னா வியாபாரி முன்பணத்தைத் திருப்பிக் கேப்பான். ஊர் கட்டுமா?"

கட்டுப்பாடு அன்றைக்கே செத்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்று இரவு உட்கார்ந்து என் முன்பணத்துக்குக் கணக்குப் போட்டேன். இதை எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

முன்பணத்துக்கு வட்டி கிடையாது, அதுதான் அதன் அழகு. நண்டை அவரிடமே போட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கரையில் மற்றவர்களுக்குக் கிலோ 300 என்றால் எனக்கு 260. இது எனக்கு முன்பே தெரியும், "நாற்பது ரூபாய்தானே" என்று விட்டிருந்தேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 8 கிலோ. 320 ரூபாய் போகிறது. மாதம் 16 நாள் என்றால் 5,120. காற்று, மழை, இன்ஜின் கோளாறு எல்லாம் கழித்து வருடத்தில் பத்து மாதம் தொழில் என்று வைத்தால் 51,200. அதோடு எடையில் கழிவு. பத்து கிலோவுக்கு அரைக் கிலோ "தண்ணீர்" என்று தள்ளுவார்கள். எல்லாம் சேர்த்தால் வாங்கிய 60,000க்கு வருடம் 60,000க்கும் மேலே கட்டுகிறேன். மூன்று வருடம் கட்டியிருக்கிறேன். அசல் அப்படியே நிற்கிறது.

வியாபாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மகளுக்குக் காய்ச்சல் என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்றபோது காசு கொடுத்தவர் அவர்தான், வங்கி இல்லை. அவரும் தனக்கு மேலே இருக்கிற கம்பெனி ஏஜென்டிடம் முன்பணம் வாங்கித்தான் எங்களுக்குக் கொடுக்கிறார். நாங்கள் பிடிக்கிற நீலக்கால் நண்டு அவித்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்துப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கிருந்து இங்கே என் வள்ளம் வரைக்கும் கயிறு நீண்டிருக்கிறது. அந்தக் கயிற்றின் ஒரு முனையில் கடன் கட்டியிருக்கும்போது மறுமுனையில் இருக்கிறவனிடம் போய் "நண்டை விடு" என்றால் அவன் எப்படி விடுவான்?

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவைப் பாம்பன் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிற வேலை அவளுக்கு. கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து வருவார்கள். அந்த 21 தீவுகளும் 1986ல் கடல் தேசியப் பூங்காவாகிவிட்டதால் கெடுபிடிக்கும் குறைவில்லை. அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பாறையைச் சுரண்டுகிற இரும்புக் கருவியை விட்டார்கள். அப்போது 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களும் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்தது.

ஒரு விசேஷ வீட்டில் அக்காவிடம் எங்கள் நண்டுக் கட்டுப்பாடு செத்த கதையைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கூட்டத்துல பொம்பளைங்க இருந்தாங்களா?"

இல்லை.

"அப்ப அது எப்படிடா நிக்கும்? கடன் வாங்குறது நீ, வீட்டு வாசல்ல பதில் சொல்றது உம் பொண்டாட்டி. நாங்க கடல்ல இறங்குற நாள் எதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். இறங்கக்கூடாத நாள்ல ஒருத்தி பையோட போனா தெருவே பாக்கும். உங்க ஊர்ல ராத்திரி இருட்டுல வலைபோடப் போறவனை எவன் பாக்குறான்?"

அவள் சொன்னதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, கட்டுப்பாடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். நாளைக் கணக்கு வைத்தால் எல்லாருக்கும் தெரியும், பெட்டிக்குள் இருக்கிற நண்டை யாரும் பார்க்க முடியாது. இன்னொன்று, காசுக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பேச வேண்டும். நான் கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும் வந்து, "முதல்ல கடனை அடைங்கடா" என்றாள்.

2018ல் பதினொரு வீடுகள் சேர்ந்து ஒரு சின்னச் சேமிப்புக் குழு ஆரம்பித்தோம். யோசனை புதிதில்லை. அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தரும். அதிலேயே பழகிய கைதான். எங்கள் விதி இதுதான்: தொழிலுக்குப் போன நாளில் வள்ளத்துக்கு 100 ரூபாய், போகாத நாளில் ஒன்றும் வேண்டாம். மாதம் இவ்வளவு என்று வைத்தால் எங்கள் தொழிலுக்கு ஒத்துவராது, காற்று வீசின மாதத்தில் கட்ட முடியாமல் போய் அவமானத்தில் ஆள் விலகிவிடுவான். பணத்தை வாங்கி எழுதுவது பெண்கள். எடைபோடுகிற இடத்திலேயே வாங்கிவிடுவார்கள், வீட்டுக்குப் போய்விட்டால் அது வராது.

சேர்ந்த பணத்தை எல்லாருக்கும் பங்கு பிரிக்காமல், ஒவ்வொருவராக முன்பணத்திலிருந்து மீட்டோம். யாருக்குக் கடன் குறைவோ அவரை முதலில். இது சண்டையில்தான் முடிவானது, ஏனென்றால் பெரிய கடன்காரருக்குத்தானே அவசரம் என்று பலர் கேட்டார்கள். ஆனால் சின்னக் கடன் சீக்கிரம் அடையும், அடைந்தவர் முழு விலைக்கு விற்பார், அவர் தினமும் 100க்குப் பதில் 200 போட முடியும். அப்படித்தான் வேகம் பிடித்தது. என் முறை ஒன்பதாவது.

கூடவே ஓர் எலெக்ட்ரானிக் தராசு வாங்கினோம், ஊர்ப் பொதுவில். நான் செய்ததிலேயே மிகவும் பலன் தந்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தராசு வந்த மறுநாளே "தண்ணீர்" கழிவு பத்துக் கிலோவுக்குக் கால் கிலோவானது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை.

கிசான் கடன் அட்டை 2018-19லிருந்து மீனவர்களுக்கும் உண்டு. ஒழுங்காகத் திருப்பினால் வட்டி 4 சதவீதத்தில் நிற்கும். முதலில் போன வங்கிக் கிளையில் "அதெல்லாம் விவசாயிக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை போகும்போது நோட்டைக் கொண்டுபோனேன். தேதி, எத்தனை கிலோ, என்ன விலை, என்ன செலவு என்று எட்டு மாதக் கணக்கு அதில் இருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னார்கள். நோட்டு எழுத ஆரம்பித்தது என் மகள், பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில். வருமானத்துக்குச் சான்று கேட்டால் காட்ட எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

2019ல் மறுபடி ஊர்க்கூட்டம். இந்தத் தடவை பெண்களும் உட்கார்ந்தார்கள். சினை நண்டை எடுத்தவுடன் பேசவில்லை, முதலில் வலைக்கண்ணைப் பேசினோம். எங்களில் பலர் மூன்றரை அங்குலக் கண் வைத்திருந்தோம். நாலரை அங்குலத்துக்கு மாறலாம் என்றால், புது வலைக்குக் காசு யார் தருவார் என்று வழக்கமான கேள்வி வந்தது. அதற்குப் பதில் எங்கள் தொழிலிலேயே இருந்தது. நண்டு வலை தங்கூசி வலை, அதாவது மெல்லிய நைலான் நரம்பு வலை. நண்டு கடித்து, முறுக்கி, நாங்கள் பிய்த்து எடுத்து, சில மாதத்திலேயே கந்தலாகிவிடும். மிதப்பும் ஈயமும் கயிறும் மிஞ்சும், கண்ணியை மட்டும் புதிதாக வாங்கிக் கோக்க வேண்டும். எப்படியும் வாங்கப் போகிறோம், அடுத்த தடவை வாங்கும்போது நாலரையாக வாங்குவோம் என்றால் யாருக்கும் கூடுதல் செலவில்லை. ஒரு வருட அவகாசம் வைத்தோம். வலைக்கண் என்பது கரையில் காயப்போட்டிருக்கும்போதே எல்லார் கண்ணுக்கும் தெரிகிற விஷயம். அக்கா சொன்னது அங்கேதான் வேலை செய்தது.

எடை குறைந்ததா? குறைந்தது. முதல் இரண்டு மாதம் பெட்டியைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனால் கம்பெனிக்காரர்கள் நண்டை அளவு பார்த்துத்தான் வாங்குகிறார்கள், பொடி நண்டுக்குப் பெரிய நண்டின் பாதி விலைகூட வராது. நோட்டைப் பார்த்தபோது கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது, ரூபாயில் அவ்வளவு குறையவில்லை. வலையிலிருந்து பொடி நண்டைக் கழற்றுகிற நேரமும் மிச்சம், வலையும் கொஞ்சம் கூடுதலாக உழைத்தது. ஓடு குறுக்கே 10 சென்டிமீட்டர் இல்லாத நண்டை விட்டுவிடுவது என்றும் வைத்துக்கொண்டோம். இதற்கு அளவுகோல் தேவையில்லை, வள்ளத்தின் குறுக்குப் பலகையில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு வெட்டிவைத்தால் போதும். நண்டு அதற்குள் விழுந்தால் கடலுக்கு.

சரி, சினை நண்டு. இதில் நாங்கள் பட்ட தோல்விகளைச் சொல்லிவிடுகிறேன், வேறு ஊர்க்காரர்களுக்கு உதவும்.

தாய்லாந்தில் சினை நண்டைக் கூடையிலோ தொட்டியிலோ வைத்து, அது முட்டை விட்டபிறகு விற்கிறார்கள், அதற்கு நண்டு வங்கி என்று பெயர் என ஒரு பயிற்சியில் கேட்டு வந்தோம். உடனே கரையோரம் நான்கு பிளாஸ்டிக் கூடை கட்டி எல்லா நண்டையும் போட்டோம். இரண்டே நாளில் ஒன்றையொன்று தின்று, மிஞ்சினது செத்துக் கிடந்தது. கரையோரத் தண்ணீர் கலங்கலாக, மத்தியானத்தில் வெந்நீர் மாதிரி இருக்கும், அதில் நண்டு பிழைக்காது. இரண்டாம் தடவை ஒரு பாகத்துக்கும் அதிக ஆழத்தில், நீரோட்டம் இருக்கிற இடத்தில், கூடைக்கு ஒரு நண்டு. சாம்பல் நிறச் சினை மட்டும், ஏனென்றால் மஞ்சள் சினை நண்டுக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் மெலிந்துவிடும். இது ஓரளவு நடந்தது. ஆனாலும் கூடைக்குக் காவல், நண்டுக்குத் தீனி, யார் நண்டு யாருடையது என்கிற தகராறு. என் அனுபவத்தில் கூடையைவிட, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது எளிது. கூடையில் வைத்தாலும் எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பது கடல் பாடு. அந்த 45 ரூபாயை இழக்கவே முடியாதவருக்குக் கூடை ஒரு வழி, அவ்வளவுதான்.

விடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தங்கூசியில் சிக்கிய நண்டை அவசரத்தில் பிடுங்கினால் காலும் கொடுக்கும் ஒடிந்து கையோடு வரும். அப்படி விட்ட நண்டு பிழைக்குமா என்பது சந்தேகம். கண்ணியை இரண்டு மூன்று இடத்தில் அறுத்தால் முழுசாக வரும், ஆனால் வலை போச்சு. நாங்கள் கண்டுபிடித்த நடுவழி, வலையைத் தண்ணீரிலிருந்து சீக்கிரம் எடுப்பது. முன்பெல்லாம் லாஞ்சு பயம் இல்லாதபோது டீசலை மிச்சப்படுத்த இரண்டு ராத்திரி விட்டு எடுப்போம். அப்போது நண்டு தன்னைத்தானே சுற்றிச் சுற்றிப் பந்தாகிவிடும், பாதி செத்தும் போகும். மாலை போட்டு விடியலில் எடுத்தால் சிக்கல் குறைவு, நண்டு உயிரோடு வரும், உயிர் நண்டுக்கு விலையும் கூடுதல். ஓடு கழற்றிய மெத்து நண்டையும் அப்போதே விட்டுவிடலாம். உள்ளே தண்ணீர்தான் இருக்கும், கம்பெனி எடுக்காது, அதைக் கொண்டுவந்து கரையில் கொட்டுவதால் யாருக்கு லாபம்? பௌர்ணமிக்கு நண்டு மெலியும் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையோ இல்லையோ, பௌர்ணமியை ஒட்டி இரண்டு நாள் வலையை வெயிலில் காயப்போட்டு ஒக்கிடுவதற்கு அது நல்ல சாக்கு.

கந்தல் வலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் எங்களிடம் இருந்தது. விட்ட வலை சும்மா கிடக்காது, கேட்பாரில்லாமல் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். இப்போது கரைக்குக் கொண்டுவந்து ஒரே இடத்தில் குவிக்கிறோம். குவித்ததை என்ன செய்வது என்பதற்கு இன்னும் வழி இல்லை. பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவர் இதை எடுப்பதில்லை. குவியல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கொஞ்ச நாள் கடலுக்கே போகவில்லை. பிறகு போனாலும் நண்டு வாங்கக் கம்பெனி இல்லை, ஏற்றுமதி நின்றுவிட்டது. குழுவிலிருந்த பணத்தில் வீட்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்தோம். எங்களில் பலருக்கு முன்பணக் கயிறு அறுந்திருந்ததால் யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடிந்தது. பையன்கள் பைக்கில் ராமநாதபுரம், பரமக்குடி வரை கொண்டுபோய்த் தெருவில் விற்றார்கள். விலை பாதிதான். ஆனால் உள்நாட்டுக்காரர்கள் இவ்வளவு நண்டு தின்பார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றைக்கும் இரண்டு பையன்கள் அந்த வியாபாரத்தை விடவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு லாஞ்சைப் பற்றிப் பேசாமல் போனால் அது பொய். 1983ஆம் வருடச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கியது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, ராத்திரியில் லாஞ்சு விளக்கு எங்கள் வலைக்கு மேலே இருக்கிறது. 2017ல் பாக் விரிகுடா இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகு, அதில் 70 சதவீதம் மானியம். 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. அந்த இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. மீதிக் காசுக்கு எங்கே போவது, பழகாத கடலில் வாரக்கணக்கில் எப்படிக் கிடப்பது என்று லாஞ்சில் கூலிக்குப் போகிற என் மச்சினன் கேட்கிறான். அவன் கேட்பதும் சரிதான். அவனுக்கும் முதலாளி முன்பணம் கொடுத்திருக்கிறார். எங்கள் வலையை அறுக்கிற படகில் நிற்கிறவனும் எங்கள் வீட்டில் சோறு தின்கிறவனும் ஒரே ஆள்.

எதிர்க்கரையிலும் இதே கதை. இலங்கை 2017ல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துத் தமிழ் மீனவர்களும் எங்களைப் போலவே இதே நீலக்கால் நண்டை நம்பி இருக்கிறவர்கள். எங்கள் ஜில்லா லாஞ்சுகள் அவர்கள் வலையை அறுக்கும்போது அவர்கள் பேசுகிற பேச்சை ஒருமுறை வீடியோவில் கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை நாங்கள் பேசுவதுதான்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. வலையை யாரும் அறுக்க மாட்டார்கள், வாரம் முழுக்கத் தொழில், அதனால் எங்களுக்கு அது திருவிழா மாதிரி. கட்டுப்பாட்டுக்குச் சோதனையும் அந்த 61 நாளில்தான். லாஞ்சு இல்லாத கடலில் எல்லாரும் வலையைக் கூட்டிவிடுகிறோம். போன வருடம் ஒரு வள்ளத்துக்கு இத்தனை கட்டு வலைதான் என்று கணக்கு வைக்கலாமா என்று பேச்சு எடுத்தேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாஞ்சுக்காரன் பத்து மாதம் தின்றது போக எங்களுக்குக் கிடைக்கிற இரண்டு மாதத்திலும் எங்கள் கையை நாங்களே கட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்கள்.

இப்போதைக்கு நிலவரம் இது: 31 வள்ளத்தில் 24 நாலரைக் கண்ணில் இருக்கின்றன. சினை நண்டை முழுக்க விடுகிறவர்கள் பதினேழு, பதினெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்கள் யார் என்று பார்த்தால், இரண்டு பேரைத் தவிர எல்லாரும் முன்பணத்திலிருந்து வெளியே வந்தவர்கள். நண்டு பெருகிவிட்டதா என்று கேட்டால் என் நோட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒரு வருடம் நல்லது, ஒரு வருடம் மோசம். பெரிய நண்டு கொஞ்சம் கூடுதலாக வருகிறது, அவ்வளவுதான் எழுத்தில் இருக்கிறது.

சித்தப்பாவுக்கு இன்னும் 22,000 ரூபாய் பாக்கி. குழுவில் அடுத்த முறை அவருடையது. போன வாரம் எடைபோட வந்தபோது அவர் பெட்டியில் ஒரு சாம்பல் சினை நண்டு கிடந்தது. என் மகள் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கவனிக்கலைப்பா" என்றார். உயிரோடுதான் இருந்தது. வாளியில் போட்டு அவளிடமே கொடுத்து, வள்ளம் கட்டுகிற இடத்துக்கு அப்பால், தண்ணீர் தெளிவாக இருக்கிற பக்கம் கொண்டுபோய் விடச் சொன்னார். அவள் போன பிறகு நோட்டைத் தானே எடுத்து அன்றைய எடையை எழுதினார்: 7 கிலோ 400.